வட்டத்துக்கு வெளியே வீசினால் போதுமா?

விமானப் பாதுகாப்பும் நம் ஊர்க் கழிவும்

பறவை ஒன்று மோதியதனால் ஆகாய விமானம் வீழ்ந்துவிடக்கூடும் என்று சொன்னால், நாட்டுப்புறத்தில் நம்புவோர் சிலரே. நூற்றுக்கணக்கானோரைச் சுமந்து மேகத்தினூடே செல்லும் இயந்திரம் எங்கே, கோழிக்குஞ்சைக் கவ்விச் செல்லும் பருந்து எங்கே என்று கேட்பர். கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்குரிய விடை பருந்தின் எடையில் இல்லை. விமானத்தின் வேகத்தில் இருக்கிறது.

பள்ளியில் இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனைக் கரும்பலகையிலேயே விளக்கலாம். ஒரு கிலோகிராம் எடையுள்ள பறவை, மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானத்தின் எதிரே பறக்கிறது என்று கொள்வோம். மோதலில் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 2,400 ஜூல் ஆகும். 50 கிலோ அரிசி மூட்டையை 5 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால் எவ்வளவு ஆற்றல் உண்டாகுமோ, அவ்வளவு இது. அதுவும் ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில், உள்ளங்கை அகலமுள்ள ஓரிடத்தில் வந்து தாக்குகிறது. விமானத்தின் வேகம் இருமடங்கானால் இவ்வாற்றல் நான்கு மடங்காகும். இதனை உணர்ந்தோர் பிறகு நகைக்கமாட்டார்கள்.

இவ்வபாயம் விமானத்தோடு உடன் பிறந்தது. ரைட் சகோதரர்களுள் ஒருவரான ஆர்வில் ரைட் 1905ஆம் ஆண்டிலேயே பறக்கும்போது பறவையொன்றில் மோதினார். 1912ஆம் ஆண்டில் கால் ராட்ஜர்ஸ் என்னும் அமெரிக்க விமானி, கடற்காகம் ஒன்று தம் விமானத்தில் சிக்கியதனால் கலிபோர்னியக் கரையோரத்தில் வீழ்ந்து உயிர்நீத்தார். 1960ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் தேதி பாஸ்டன் நகரில் புறப்பட்ட விமானம் ஒன்று மைனாவின் இனத்தைச் சேர்ந்த சிறு பறவைகளின் கூட்டத்துக்குள் புகுந்தது. 62 பேர் மாண்டனர். 2009ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் தேதி நியூயார்க்கில் காட்டு வாத்துகள் மோதி இரு எஞ்சின்களும் செயலிழந்த விமானத்தை அதன் தலைமை விமானி ஹட்சன் ஆற்றின் மீது இறக்கினார். அதிலிருந்த 155 பேரும் பிழைத்தது பேறு. தென்கொரியாவின் முவான் நிலையத்தில் 2024ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் தேதி நேர்ந்த விபத்தில் 179 பேர் இறந்தனர். ஓடுபாதையின் அப்பாலிருந்த காங்கிரீட் மேட்டில் விமானம் மோதியதே அவ்வளவு பெரிய உயிர்ச்சேதத்தை விளைத்தது எனினும், அவ்விமானத்தின் இரு எஞ்சின்களிலும் ஒருவகைக் காட்டு வாத்தின் எச்சங்கள் காணப்பட்டன.

நம் நாட்டிலும் சான்றுகளுக்குக் குறைவில்லை. 2014ஆம் ஆண்டு நவம்பரில் சூரத் நிலையத்தில் புறப்பட ஓடிய விமானம் ஓர் எருமையின் மீது மோதிற்று. 2022ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் தேதி பாட்னாவில் புறப்பட்ட விமானத்தின் எஞ்சின் பறவை மோதித் தீப்பற்ற, 185 பேருடன் அது பத்திரமாகத் திரும்பி வந்தது. கண்ணூர் நிலையத்தில் மயில்களே கவலையாயின. திருவனந்தபுரத்திலும் 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பறவை மோதியதன் காரணமாகப் பெங்களூர் செல்லவேண்டிய விமானப் பயணம் ஒன்று ரத்தாயிற்று.

எஞ்சின்களைச் செய்வோர் இதனை அறியாதவர்கள் அல்லர். இறந்த பறவைகளைக் காற்றழுத்தத் துப்பாக்கியில் வைத்து எஞ்சினுக்குள் எய்து பரிசோதிப்பது நெடுநாள் வழக்கம். பெரிய பறவை ஒன்று புகுந்தால் எஞ்சின் தீப்பற்றியோ வெடித்துச் சிதறியோ விமானத்துக்கு ஆபத்து விளைக்காமல் அடங்கி நிற்கவேண்டும் என்பதே அப்பரிசோதனையின் கட்டளை. தொடர்ந்து ஓடவேண்டும் என்பதன்று. ஆகவே எஞ்சினை எவ்வளவு வலிமையாகச் செய்தாலும், பறவையும் விமானமும் ஓரிடத்தில் சந்திக்காமல் இருப்பதற்கு ஈடான பாதுகாப்பு வேறில்லை.

பத்துக் கிலோமீட்டர் வட்டம்

இச்சந்திப்பு எங்கே நிகழ்கிறது? மேகங்களுக்கு மேலே பறக்கும்போதன்று. பெரும்பாலும் புறப்படும்போதும் இறங்கும்போதும், தரையிலிருந்து 3,000 அடிக்குட்பட்ட உயரத்தில் நிகழ்கிறது. இறங்கும் விமானம் சாதாரணமாக 3 பாகைச் சரிவில் வருகிறது. கணக்கிட்டுப் பார்த்தால், நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 520 மீட்டர் உயரத்தில் இருக்கும். அது பருந்து வட்டமிடும் உயரமே. காலை வெயிலேறித் தரை சூடானதும் மேலெழும் வெப்பக்காற்றில் பருந்து சிறகசைக்காமல் ஏறுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். நமக்கு அது கண்ணுக்கினிய காட்சி. விமானிக்கு அது கவலை.

இதனாலேயே 1937ஆம் ஆண்டு விமான விதிகளின் 91ஆம் விதி, விமான நிலையத்தின் குறியிடத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் அனுமதியின்றி பிராணிகளை அறுத்தலையும் தோலுரித்தலையும், பறவைகளையும் விலங்குகளையும் ஈர்க்கக்கூடிய குப்பை, இறைச்சிக் கழிவு, மீன் கழிவு ஆகியவற்றைக் கொட்டுதலையும் தடை செய்கிறது. குப்பைக் கிடங்குகள் 13 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பது நன்று என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் வழிகாட்டுதல்.

விதியின் நோக்கத்தில் குறையொன்றுமில்லை. அதனைச் செயற்படுத்தும் முறையில் ஒரு பெருங்குறை இருக்கிறது என்பதே இக்கட்டுரையாளனின் கருத்து. கழிவு எங்கே இருக்கக்கூடாது என்று நாம் சொல்லிவிட்டோம். எங்கே போகவேண்டும் என்று சொல்லவில்லை. ஆதலால் அது வட்டத்தைக் கடந்து வெளியே போகிறது. அல்லது போவதுபோலக் காட்டி வட்டத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது.

திருவனந்தபுரத்தின் நிலை

1930களில் தோன்றிய திருவனந்தபுரம் விமான நிலையம் நம் நாட்டின் பழைய நிலையங்களுள் ஒன்று. 1935ஆம் ஆண்டில் பம்பாயிலிருந்து டாட்டா விமானம் இங்கு அஞ்சலுடன் வந்திறங்கியது. 1991ஆம் ஆண்டில் இது சர்வதேச நிலையமாயிற்று. அன்று தென்னந்தோப்புகளுக்கிடையே இருந்த இவ்விடத்தை இன்று நகரம் சூழ்ந்து நிற்கிறது. ஒரு பக்கம் ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே கடலும் மீனவர் குடியிருப்புகளும். மறுபக்கம் வள்ளக்கடவு, பார்வதி புத்தனாறு என்னும் பழைய கால்வாய், முட்டத்தறைக் கழிவுநீர் நிலையம். பூந்துறையும் பீமாபள்ளியும் வலியதுறையும் சாலைக் கம்போளமும் 10 கிலோமீட்டர் வட்டத்துக்குள் அடங்கியவை.

பறவைக்கு வேண்டியன மூன்று: உணவு, நீர், தங்குமிடம். இம்மூன்றும் இங்கு அருகருகே உள்ளன. கரையில் உலரும் மீனும் சந்தையில் வீசப்படும் குடலும் கரும்பருந்துக்கும் செம்பருந்துக்கும் காகத்துக்கும் விருந்து. கால்வாயிலும் சதுப்பிலும் கொக்கும் நாரையும் இரை தேடுகின்றன. ஓடுபாதையின் ஓரத்துப் புல்லில் ஆள்காட்டிக் குருவி முட்டையிடுகிறது. புல்லை வெட்டினால் கிளம்பும் பூச்சிகளைத் தேடி உண்ணிக்கொக்கு வருகிறது. முதல் மழை பெய்து ஈசல் எழுந்தால் தகைவிலானும் பருந்தும் காகமும் ஒருங்கே கூடுகின்றன. மாலை மங்கியதும் பழந்தின்னி வௌவாலும் கூகையும் புறப்படுகின்றன. மழைக்காலத்தில் மோதல்கள் மிகுவதன் காரணம் இதுதான்.

நிலையத்தார் வாளாவிருப்பதில்லை. வெடி வெடிக்கின்றனர், ஒலிக்கருவிகளை முழக்குகின்றனர், புல்லை அளவாக வைக்கின்றனர், வேலியடைத்து நாயையும் நரியையும் தடுக்கின்றனர். இவையனைத்தும் வேண்டியனவே. ஆயினும் வெடியோசைக்குப் பறவை சில நாட்களிலேயே பழகிவிடுகிறது என்பது இத்துறையில் யாவரும் அறிந்த உண்மை. கொல்லையில் நெல்லைக் காயவைத்து, பக்கத்தில் நின்று கைதட்டிக்கொண்டே இருந்தால் காகம் எவ்வளவு நேரம் விலகியிருக்கும்? நெல்லை மூடிவைப்பவரே அறிவுடையவர்.

1980களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இந்திய விமான தளங்களில் பறவை அபாயத்தைப் பற்றி விரிவான ஆய்வு நடத்தினர். அதற்கு வழிகாட்டியவர் சாலிம் அலி. இப்பெரியார் 1933ஆம் ஆண்டில் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளின் பறவைகளை ஊரூராகச் சென்று ஆராய்ந்தவர் என்பது நம் பகுதியினர் நினைவில் கொள்ளத்தக்கது. அவ்வாய்வு நாட்டுக்கு உணர்த்தியது எளிய உண்மை: அறுப்புக் கழிவும் திறந்த குப்பையும் இருக்குமிடத்தில் கழுகும் பருந்தும் கூடும், அவற்றை நீக்கினாலன்றிப் பறவை நீங்காது.

குற்றவாளி யார்?

அரசாங்கச் சுற்றறிக்கைகளைத் தமிழாக்குவது என் தொழில். இத்துறைபற்றிய அறிக்கையொன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் தமிழில் எழுத நேர்ந்தபோது, ‘வனவிலங்கு அபாயம்’ என்னும் தொடரில் என் பேனா நின்றது. காகமும் தெருநாயும் கொக்கும் எந்த வனத்திலிருந்து வந்தன? அவற்றை அங்கே அழைத்தவர் யார்? வேறு சொல் அகப்படாமையால் அத்தொடரையே எழுதி அனுப்பினேன். ஆனால் அச்சொல் குற்றத்தைப் பறவையின் தலையில் ஏற்றுகிறது என்னும் எண்ணம் என்னை விட்டு நீங்கவில்லை.

பறவையை ஒழித்தால் அபாயம் ஒழியும் என்பாரும் உளர். பருந்தும் மயிலும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை என்பது ஒருபுறம் இருக்கட்டும். பறவை ஒழிந்தால் என்ன நேரும் என்பதை நாடு ஒருமுறை கண்டுவிட்டது. ஒரு காலத்தில் இந்திய விமானிகள் பெரிதும் அஞ்சியது கழுகுகளையே. 1990களில், மாடுகளுக்குத் தரப்பட்ட டைக்ளோஃபெனாக் என்னும் மருந்து அவற்றின் பிணங்கள் வழியே கழுகுகளைச் சென்றடைந்தது; சில ஆண்டுகளில் வெண்முதுகுக் கழுகினம் நூற்றில் ஒன்றுகூட எஞ்சாத நிலைக்கு வந்தது. 2006ஆம் ஆண்டில் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. கழுகு போயிற்று, கழிவு போகவில்லை. அதன் பங்கைத் தெருநாய்கள் எடுத்துக்கொண்டன. நாய்க்கடியும் வெறிநோய் அச்சமும் பெருகின. உணவு இருக்கும்வரை உண்பார் வந்துகொண்டே இருப்பர் என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

வெளியே இருப்போர்

இனி, வட்டத்துக்கு வெளியே வருவோம். நான் வசிக்கும் ஆரியங்கோடு நெய்யாற்றுப் பள்ளத்தாக்கில் உள்ளது. ரப்பரும் தென்னையும் மரச்சீனியும் விளையும் ஊர். தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் பேசப்படும் எல்லைப்பகுதி. விமான நிலையத்துக்கும் எங்களுக்கும் இடையே வான்வழியாகவே 20 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. சட்டப்படி நாங்கள் வெளியார்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை, ஆற்றுக்குச் செல்லும் வழியில் பத்துப் பன்னிரண்டு சாக்கு மூட்டைகள் கிடந்தன. நாற்றத்திலேயே அவை கோழிக்கடைக் கழிவு என்பது தெரிந்தது. இரவில் ஏதோ வண்டியில் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போயிருந்தனர். ஏழு மணிக்குள் நாய்கள் மூட்டைகளைக் கிழித்துவிட்டன. எட்டு மணிக்குக் காகங்கள் வந்தன. பத்து மணிக்கு, அதுவரை எங்கள் வானில் ஒன்றிரண்டாகக் காணப்பட்ட கரும்பருந்துகளை நான் முப்பது வரை எண்ணினேன். அவ்வழியே ஆற்றில் குளிக்கச் செல்லும் பிள்ளைகள் மூன்று நாள் செல்லவில்லை. பஞ்சாயத்து உறுப்பினரும் சுகாதார ஊழியரும் குழி தோண்டி, சுண்ணாம்பிட்டு மூடினார்கள். அடுத்த மாதம் வேறோரிடத்தில் அதே காட்சி.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய துன்பமன்று. திருவனந்தபுரம் நகரின் குப்பை 2000ஆம் ஆண்டு முதல் விளப்பில்சாலை என்னும் கிராமத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. நாற்றத்தையும் நிலத்தடி நீரில் இறங்கிய கழிவுநீரையும் பதினோராண்டு பொறுத்த மக்கள், 2011ஆம் ஆண்டு டிசம்பரில் அந்நிலையத்தை மூடச்செய்தனர். அதன்பின் நகரத்துக்குப் போக்கிடமில்லை, குப்பை தெருக்களில் கிடந்தது, சில காலம் எரிக்கப்பட்டது, புதைக்கப்பட்டது. பின்னரே வீட்டிலும் தெருவிலும் உரமாக்கும் கலங்கள் முதலிய ஏற்பாடுகள் ஒவ்வொன்றாக வந்தன. நகரத்தின் கழிவைக் கிராமத்துக்குத் தள்ளுவது தீர்வன்று, கடன். அது ஒருநாள் வட்டியோடு திரும்பும் என்பதை விளப்பில்சாலை காட்டிற்று.

எங்கள் சந்தையருகே கோழிக்கடை வைத்திருக்கும் ஒருவர் முன்னர் விமான நிலையத்துக்கு அண்மையில் கடை நடத்தியவர். சோதனைக்கு வந்தவர்கள் பலமுறை எச்சரித்ததனால் அங்கிருந்து எழுந்து இங்கு வந்தவர். அவரிடம் இவ்விஷயத்தைப் பேசியபோது அவர் கேட்டது இது: “சாரே, இங்கே போடாதே, அங்கே போடாதே என்று எல்லாரும் சொல்லுகிறார்கள். நாள்தோறும் ஒரு கூடை குடலும் தோலும் மிஞ்சுகிறதே, அதை எங்கே போடு என்று ஒருவராவது சொன்னதுண்டா?” நான் விடை சொல்ல இயலாமல் திரும்பினேன். அன்று தொடங்கிய சிந்தனையே இக்கட்டுரை.

2023ஆம் ஆண்டில் பெங்களூரை அடுத்த யெலகங்கா விமானப்படைத் தளத்தில் விமானக் கண்காட்சி நடந்தபோது, 10 கிலோமீட்டர் சுற்றளவிலுள்ள இறைச்சிக் கடைகளும் அசைவ உணவகங்களும் ஜனவரி 30 முதல் பிப்ரவரி 20 வரை மூடப்படவேண்டும் என்று நகராட்சியார் உத்தரவிட்டனர். கண்காட்சியின் பாதுகாப்புக்கு அது தேவையாக இருக்கலாம். ஆனால் மூன்று வார அடைப்பு எவ்வாறு நிரந்தர முறையாகும்? கடைக்காரர் பிழைப்பை இழக்கிறார்; அது முடிந்ததும் கடை திறக்கிறது; கூடையும் குடலும் பருந்தும் முன்போலவே திரும்பி வருகின்றன.

எதிர்வாதங்கள்

சட்டம் தளர்த்தப்படவேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ளவேண்டா. ஓடுபாதையின் அருகில் ஒரு கடையும் கழிவைத் திறந்த வெளியில் எறியலாகாது. எறிந்தால் தண்டிக்க வேண்டியதே. விமானத்தில் இருப்போரின் உயிரை எடைபோட்டுப் பேரம் பேசுவதற்கில்லை.

‘வட்டத்துக்குள் தூய்மையாக இருந்தால் விமானத்துக்குப் போதும், வெளியூர்ச் சுகாதாரம் வேறு இலாகாவின் பொறுப்பு’ என்பது மற்றொரு வாதம். இலாகாக்களின் எல்லை தாளில் உள்ளது. பருந்துக்கு அது தெரியாது. இரை தேடி நெடுந்தொலைவு செல்லக்கூடிய பறவை அது. பழந்தின்னி வௌவாலோ ஓரிரவில் பல கிலோமீட்டர் சென்று திரும்பும். வெளியே பெருகும் கூட்டம் உள்ளே வராது என்று எவரும் உறுதி கூற இயலாது. அன்றியும், இரவில் மூட்டையைக் கொண்டுவரும் வண்டி ஒவ்வொரு முறையும் 20 கிலோமீட்டர் ஓடும் என்பதும் இல்லை. காவலர் இல்லாத முதற் கால்வாயிலேயே அது சுமையை இறக்கிவிடும். அக்கால்வாய் வட்டத்துக்குள்ளேயே இருக்கலாம்.

செய்யத்தக்கவை

முதலாவது, அரசினர் செய்யவேண்டியது. கோழிக் கழிவை வெப்பத்தில் வேகவைத்து, உலர்த்தி, கொழுப்பைப் பிரித்து, மாவாக்கும் ஆலைகள் கேரளத்தில் இயங்கிவருகின்றன. அம்மாவு மீனுணவுக்கும் வளர்ப்புப் பிராணிகளின் உணவுக்கும் பயன்படுகிறது. குப்பை என்று எறியப்படுவது சரக்காகிறது. ஆகவே கடைக்கு உரிமம் வழங்கும்போதே, அதன் கழிவை எந்த வண்டி, எந்த நாள், எந்த ஆலைக்குக் கொண்டுசெல்லும் என்பதும் உரிமத்தில் எழுதப்படவேண்டும். எளிய கடைக்காரருக்கு மூடியுள்ள கலமும், பல கடைகளுக்குப் பொதுவான குளிர்பெட்டியும் பஞ்சாயத்தின் உதவியோடு கிடைக்கவேண்டும். ஹரித கர்ம சேனையின் சகோதரிகள் வீடுதோறும் வந்து பிளாஸ்டிக் முதலியவற்றைப் பெற்றுச் செல்கின்றனர்; ஆயினும் அழுகும் கழிவுக்கு அத்தகைய ஒழுங்கு எல்லாக் கடைகளையும் எட்டவில்லை. தண்டனைக்கு முன் வழி காட்டப்படவேண்டும். வழி காட்டிய பின் தவறுவோருக்குத் தண்டனை தயங்காமல் வரவேண்டும்.

விமான நிலையங்களின் சுற்றுப்புறத்தைக் கவனிக்க அதிகாரிகளும் உள்ளாட்சியினரும் அமர்ந்த குழுக்கள் உள்ளன. அவற்றில் வட்டத்துக்கு வெளியிலுள்ள பஞ்சாயத்துகளுக்கும், இறைச்சி, மீன் வணிகருக்கும் ஓரிடம் அளிக்கவேண்டும். எவருடைய தொழிலைப் பற்றிப் பேசுகிறோமோ, அவர் இல்லாத சபையில் எடுத்த முடிவு தெருவுக்கு வந்து சேராது.

இரண்டாவது, களப்பணியாளர் செய்யவேண்டியது. கிராமத்தில் கழிவு கொட்டப்படும் இடங்களைச் சுகாதார ஊழியர் நன்கு அறிவர். அவ்விடத்தைத் துப்புரவு செய்வதோடு நில்லாமல், நாள், இடம், கழிவின் வகை, கூடிய பறவை அல்லது விலங்கு ஆகிய நான்கினையும் ஒரு பதிவேட்டில் எழுதினால், ஆறு மாதத்தில் அது ஒரு படமாகும். எந்த வழியாக வண்டி வருகிறது, எந்தக் கிழமையில் வருகிறது என்பது தானே வெளிப்படும். சந்தைநாளுக்கு மறுநாள் மூட்டைகள் மிகுமாயின், தேவைப்படுவது காவலன்று, சந்தைநாள் மாலையில் ஒரு வண்டி என்பது புலனாகும். வீடுகளில் இறைச்சி, மீன் மிச்சத்தைத் திறந்த குழியில் இடாமல், தென்னை நார்த்துகளும் உலர்ந்த இலையும் அடுக்கி மூடிய உரக்கலத்தில் இடுமாறு காட்டிக்கொடுக்கலாம். வாயால் சொல்வதைவிட ஒரு வீட்டில் செய்துகாட்டுதல் பயன் தரும்.

மூன்றாவது, ஆசிரியர் செய்யவேண்டியது. மாவட்டப் படத்தில் விமான நிலையத்தை மையமாகக் கொண்டு, கவராயத்தால் 10 கிலோமீட்டருக்கும் 13 கிலோமீட்டருக்கும் இரு வட்டங்களை மாணவர் வரையட்டும். தம் ஊர் எதில் அடங்குகிறது என்று காணட்டும். பின் மாதம் இருமுறை, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நின்று பருந்தையும் காகத்தையும் கொக்கையும் எண்ணி எழுதட்டும். மழைக்கு முன்னும் பின்னும், சந்தைநாளிலும் மற்ற நாளிலும் எண்ணிக்கை எவ்வாறு மாறுகிறது என்பது அவர்களே கண்டறியும் விஞ்ஞானம். இதற்கு ஒரு நோட்டுப்புத்தகமும் பொறுமையும் போதும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியிலுள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தில், விமானத்தில் ஒட்டிய இறகுத் துணுக்கிலிருந்தும் குருதிக் கறையிலிருந்தும் மோதிய பறவையின் இனத்தைக் கண்டறிகின்றனர் என்பதைச் சொன்னால், தாம் எண்ணிய பருந்துக்கும் பெரிய ஆய்வகத்துக்கும் உள்ள தொடர்பை மாணவர் உணர்வர்.

ஒன்றை எச்சரிக்க வேண்டும். இப்பாடம் பறவையின் மீது கல்லெறியும் பாடமாக முடிந்துவிடக்கூடாது. அவ்வாறே, மீன் விற்கும் பெண்ணையோ இறைச்சி வெட்டும் தொழிலாளியையோ இழித்துப் பேசும் பாடமாகவும் ஆகிவிடக்கூடாது. அவர் விற்பதை வாங்கி உண்பவர் நாமே. மிஞ்சிய கழிவில் நமக்கும் பங்குண்டு. வகுப்பிலுள்ள பிள்ளைகளுள் சிலர் அத்தொழிலாளரின் மக்களாகவும் இருப்பர் என்பதை ஆசிரியர் மறவாதிருத்தல் வேண்டும்.

முடிவுரை

திருவனந்தபுரத்தில் ஆண்டுக்கு இருமுறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், பத்மநாபசுவாமி கோயிலின் ஆறாட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகக் கடற்கரைக்குச் செல்கிறது. அதன்பொருட்டுச் சில மணி நேரம் விமானங்கள் நிறுத்தப்படுகின்றன. ஊரின் பழைய வழி அது என்பதை விமான நிலையம் ஏற்று மதிக்கிறது. ஊருக்காக விமானம் நிற்க முடியுமானால், விமானத்திலிருக்கும் உயிர்களுக்காக ஊர் தன் கழிவை ஒழுங்குபடுத்த முடியாதா? முடியும். ஆனால் ஊர் என்பது 10 கிலோமீட்டரில் முடிந்துவிடுவதன்று. நகரத்தின் சந்தையும், கடற்கரையும், நெய்யாற்றங்கரையின் சிற்றூரும் சேர்ந்ததே ஊர்.

நான் இதுவரை ஒரே ஒருமுறைதான் விமானத்தில் சென்றிருக்கிறேன். எங்கள் ஊரில் பலர் அதுவும் சென்றதில்லை. ஆயினும் வளைகுடா நாடுகளில் உழைக்கும் பிள்ளைகளை வரவேற்க அந்நிலையத்தின் வாயிலில் நின்று காத்திராத குடும்பம் எங்கள் பகுதியில் குறைவு. அவர்கள் வரும் விமானம் கடற்கரையை அணுகித் தாழும் வேளையில், அதன் எதிரே ஒரு பருந்து எழாதிருப்பது யாருடைய கையில் இருக்கிறது என்று ஒருகணம் எண்ணிப் பாருங்கள். வெடி வைப்பவர் கையில் ஒரு பங்கு. எஞ்சியது, கூடையைக் கையில் ஏந்தி எங்கே போடுவது என்று கேட்டு நிற்பவருக்கு நாம் அளிக்கும் விடையில் இருக்கிறது. அவ்விடையை நாம் இன்னும் அளிக்கவில்லை.